பேய்க்குத் துணை

விஸ்காம் மூன்றாம் ஆண்டில் குழுக் குழுவாகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எட்டு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. காதல் கதை என்றால் நடிக்க ஒரு பெண் வேண்டும். சமூகக் கதை என்றால் கருத்து வேண்டும். பேய்ப்படத்துக்கு ஒரு பழைய வீடும் கொஞ்சம் இருட்டும் போதும் என்ற கணக்கில் வகுப்பில் பாதிப் பேர் பேய்ப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கணக்குக்கு ஆதாரமும் இருந்தது. ஓரன் பெலி என்பவர் தன் சொந்த வீட்டிலேயே ஏறக்குறைய 15,000 டாலர் செலவில் எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். எங்களிடம் டாலர் இல்லை, வீடு இருந்தது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் என் ஆச்சி வீடு.

கலிபோர்னியாவில் ஒருவர் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டால், ஏன் சாத்தினாய் என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். பெலியின் 15,000 டாலர் கணக்கில் வராத வசதி இது.

கதையில் பேய் ஒரு பெண். எங்கள் குழுவிலும் இரண்டு பெண்கள் உண்டு. ஆனால் மகளிர் விடுதியின் கேட் மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும். நள்ளிரவில் உலவ வேண்டிய பேய்க்கு அவுட்பாஸ் கேட்டு வார்டனிடம் போனவர்கள், போன வேகத்திலேயே திரும்பினார்கள். ஆகவே பேயாக நடிக்க, நல்ல உயரமும் குழி விழுந்த கண்ணும் உள்ள வகுப்புத் தோழன் ஒருவனைப் பிடித்தோம். அவன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். தாடியை எடுக்க முடியாது. முகத்தை மறைக்கத்தான் சவுரி இருக்கிறதே என்று நாலைந்து சவுரிகளைச் சேர்த்துத் தைத்துத் தலையில் கட்டினோம். மாலை போட்டவன் பேயாக நடிக்கலாமா என்று அவனே சந்தேகப்பட்டுக் குருசாமியிடம் கேட்டான். ஐயப்பனுக்கே பூதநாதன் என்று ஒரு பேர் இருக்கிறது, தாராளமாக நடி என்று அவர் உத்தரவு கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான், ரத்தம் சுத்தமான பொருளில் இருக்க வேண்டும்.

மாலை போட்டவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனவே படப்பிடிப்பு முழுக்க, “சாமி, இன்னும் கொஞ்சம் கோரமா முழிங்க சாமி”, “சாமி, கழுத்தை நெரிக்கும்போது சிரிக்காதீங்க சாமி” என்றுதான் டைரக்‌ஷன் நடந்தது.

உடைக்கு வந்தோம். சாமி கட்டியிருந்தது கருப்பு வேட்டி. இருட்டில் கருப்பு உடுத்திய பேயைக் கேமராவால் பார்க்கவே முடியவில்லை. ஐஎஸ்ஓவை ஏற்றினால் பேய்க்குப் பதிலாகப் புள்ளிகள்தான் வந்தன. வெள்ளைச் சேலை கேட்டதற்கு ஆச்சி, “தாத்தா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காக, எங்கிட்ட வந்து வெள்ளச் சேலை கேக்கியோ?” என்று விளக்குமாற்றைத் தேடினாள். கடைசியில் தாத்தாவே மனமிரங்கித் தன் எட்டு முழ வேட்டியைக் கொடுத்தார். அது கட்சிக்கரை வேட்டி. முதல் ஷாட்டைப் பார்த்த எதிர்வீட்டு மாமா கேட்ட ஒரே கேள்வி, “இது எந்தக் கட்சிப் பேய்ல?” கரையை மடித்துத் தைத்தோம்.

எங்கள் ஊர் வீடுகள் ரயில் பெட்டி மாதிரி. தார்சாவில் நின்றால் பட்டாசால், ரெண்டாங்கட்டு, அடுக்களை எல்லாம் தாண்டிப் புறவாசல் வரைக்கும் நேராகத் தெரியும். பேய் நடந்து வருவதற்கென்றே கட்டியதுபோன்ற நீளம். ஆனால் அந்த நீளத்தை ஊரே குறுக்குப் பாதையாக வைத்திருக்கிறது. சாமி தலைவிரிகோலமாகப் புறவாசலிலிருந்து வந்துகொண்டிருக்கையில், பக்கத்து வீட்டுப் பெரியம்மை பின்னாலேயே கருவேப்பிலையோடு வந்து, “ஒதுங்குய்யா” என்று பேயை விலக்கிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

திகிலுக்காக ஒரு பழைய டியூப்லைட்டை நம்பியிருந்தோம். தானாகவே அணைந்து அணைந்து எரிவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று வைத்தால்தான் திரையில் பட்டை பட்டையாக ஓடாது என்பதெல்லாம் படித்து, சரியாக அமைத்து, ஒத்திகையும் பார்த்து, சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் லைட் நின்று நிதானமாக எரிகிறது. ஸ்டூலிலிருந்து சித்தப்பா இறங்கிக்கொண்டிருந்தார். “ஸ்டார்ட்டர் போயிருந்தது. பிள்ளைய இருட்டுல கஷ்டப்படுதிய, அதான் மாத்திட்டேன்.” பழைய ஸ்டார்ட்டரை எங்கே போட்டார் என்று டார்ச் அடித்துத் தேடியதில் அன்றைய ராத்திரி போயிற்று.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1999இல் வெளிவந்த ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ படத்தில் நடித்த மூவரையும் மேரிலாந்துக் காட்டில் நடமாட விட்டு, நாளுக்கு நாள் சாப்பாட்டைக் குறைத்தார்கள் இயக்குநர்கள். பசியும் எரிச்சலும் முகத்தில் நிஜமாக வர வேண்டுமாம். ஆச்சி இருக்கிற வீட்டில் இந்த உத்தியைக் கையாளுவது எப்படி? பயந்து நடுங்க வேண்டிய எங்கள் கதாநாயகனுக்குச் சொதி வைத்துப் போட்டாள். தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்புமாகச் சொதி மந்தம் என்பதால்தான் கூடவே இஞ்சித் துவையல் வைப்பது. இவன் துவையலை ஒதுக்கிவிட்டுச் சொதியை மட்டும் மூன்று முறை வாங்கிக்கொண்டான். அதற்குப்பிறகு அவனைப் பயமுறுத்த எந்தப் பேயாலும் ஆகவில்லை. நல்லவேளையாக அடுத்த காட்சியில் அவன் பிணம். மிக இயல்பாகச் செய்தான். குறட்டையைத்தான் எடிட்டிங்கில் எடுக்க வேண்டியிருந்தது.

ரத்தத்துக்கு முதலில் நன்னாரி சர்பத்தில் சிவப்புச் சாயம் கலந்து பார்த்தோம். ஹிட்ச்காக் ‘சைக்கோ’வில் சாக்லேட் சிரப்பைப் பயன்படுத்தினார், அது கருப்பு வெள்ளைப் படம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஹாலிவுட் ஸ்டுடியோவில் எறும்பு கிடையாதோ என்னவோ, எங்கள் பிணத்தின் மேல் ஐந்து நிமிஷத்தில் ஒரு படையே ஏறி, பிணம் துள்ளிக் குதித்துப் புறவாசல் தொட்டியில் விழுந்தது. அப்போதுதான் ஆச்சி மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொண்டுவந்தாள். கொஞ்சம் மைதா சேர்த்ததும், கடையில் காசு கொடுத்து வாங்கினாலும் கிடைக்காத ரத்தம். குருசாமியின் நிபந்தனையும் நிறைவேறியது. மீந்ததை ஆச்சி வீணாக்கவில்லை. சவுரியும் கோர முகமுமாக நின்ற சாமியைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, “எத்தன கண்ணு பட்டுதோ பிள்ளைக்கு” என்று அந்த ரத்தத்தாலேயே ஆரத்தி சுற்றித் தெருவில் கொட்டினாள்.

கத்திக்குத்துச் சத்தமும் ‘சைக்கோ’வில் படித்ததுதான். அங்கே முலாம்பழத்தைக் குத்தி ஒலிப்பதிவு செய்தார்கள். நாங்கள் தடியங்காயைக் குத்தினோம். எலும்பு முறிய முருங்கைக்காய். கொலையுண்ட இரண்டையும் மறுநாள் சாம்பாரிலும் கூட்டிலும் அடையாளம் கண்டோம்.

இதற்குள் கதை ஊருக்குத் தெரிந்துவிட்டது. அநியாயமாகக் கொல்லப்பட்டவள் பேயாக வந்து பழிவாங்குகிறாள் என்றதும், தெருமுனையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் யாரும் அசரவில்லை. “அவளுக்குப் பீடம் போட்டாச்சா?” என்றார் ஒருவர். நான் முழித்தேன். அவர்களுக்கு இதில் சிக்கலே இல்லை. இசக்கியம்மன் கதையைச் சின்ன வயதிலிருந்து வில்லுப்பாட்டில் கேட்டவர்கள். தெற்கே கொடை வாங்கும் தெய்வங்களில் பல, ஒரு காலத்தில் வெட்டுப்பட்டோ வஞ்சிக்கப்பட்டோ செத்தவர்கள்தாம். செத்தவள் கோபமாக வந்தால் ஓடக் கூடாது, இடம் பார்த்து ஒரு பீடம் போட்டு, பொங்கல் வைத்து, வருஷத்துக்கு ஒரு கொடை கொடுத்து நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் யோசனைப்படி எடுத்தால் எங்கள் படம் ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். தமிழில் பேய்ப்படங்கள் இடைவேளைக்குப் பிறகு ஏன் குடும்பப் படங்களாகிவிடுகின்றன என்பது எனக்கு அந்தத் தெருமுனையில்தான் விளங்கியது. செத்தவளைக்கூடத் தனியாக விடாத ஊரில், உயிரோடு இருப்பவனை ஓர் அறையில் தனியாக நிறுத்திப் பயமுறுத்துவது எங்கே?

ஒலி இன்னும் மோசம். ஆளில்லாத வீட்டின் நிசப்தத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்ள வேண்டும், ரூம் டோன் என்பார்கள். பத்து மணி வரை எல்லா வீட்டிலும் சீரியல். பதினொன்றுக்கு மேல் தவளைகள். நடுவில் யாரோ யாரிடமோ மறுநாள் தோசைக்கு ஊறப்போட்டாயிற்றா என்று கேட்பது ஹெட்போனில் துல்லியமாக விழுந்தது. கொஞ்சம் அடங்கினால் மார்கழி, விடியும் முன்பே கோயில் ஒலிபெருக்கி திறந்துவிடும். சாமியும் குளிக்க எழுந்துவிடுவார். கடைசியில் அந்த நிசப்தத்தைத் தாத்தாவின் பத்தாயத்துக்குள் மைக்கை இறக்கி மூடிப் பிடித்தோம்.

துறைக் கருத்தரங்க அறையில் திரையிட்டார்கள். சாமி வந்த இடமெல்லாம் சிரிப்பு. கழுத்தை நெரித்த காட்சியில் “சாமியே சரணம்” என்று கடைசி வரிசையிலிருந்து குரல். ஆனால் ஐந்தாவது நிமிஷத்தில், நாயகன் சும்மா தண்ணீர் குடிக்கிற ஒரு ஷாட்டில், அரங்கமே வீறிட்டது. வெளித்தேர்வாளர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவன் தலைக்குப் பின்னால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், ஒரு வயதான முகம். எடுக்கும்போதும் எடிட் செய்யும்போதும் எங்கள் ஐந்து பேர் கண்ணிலும் படாத முகம். கருவேப்பிலைப் பெரியம்மை. என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறாள்.

“அந்த ஜன்னல் ஐடியா யாருடையது?” என்றார் வெளித்தேர்வாளர் வைவாவில். குழு முழுவதும் ஒரே நேரத்தில் கை தூக்கினோம். நல்ல மார்க்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது படம் எல்லார் போனிலும் இருந்தது. பெரியம்மை வாசலிலேயே என்னை மறித்தாள். “ஊரே என்னப் பாத்து அலறுச்சாம்லா. கடைசில பேரு ஓடுச்சே, எம் பேரு எங்கல?” நியாயம்தான். துறை லேபில் உட்கார்ந்து டைட்டிலைத் திருத்தி, மறுபடி ரெண்டர் போட்டு, ‘பேய் 1’ என்று சாமி பேரையும் ‘பேய் 2’ என்று அவள் பேரையும் சேர்த்து அனுப்பினேன். அன்று ராத்திரியே ஆச்சி போனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஆச்சி இல்லை.

“அந்தத் தாடிக்காரனப் பாத்து ஒருத்தனாவது பயந்தானால? நான் எதுக்கு ரெண்டாவது?”