இல்லை என்று சொல்லத் தெரியாத அட்மின்

எங்கள் போலகம் திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த ஊர். பட்டினத்தின் பேரைச் சொன்னதுமே தமிழ் படித்தவர்களுக்குக் காளமேகம் நினைவுக்கு வந்துவிடுவார். பதினைந்தாம் நூற்றாண்டில் திருமலைராயனின் அவைக்கு வந்த அவருக்கு உட்கார இடம்கூடத் தரவில்லை, மனம் நொந்து அவர் பாடிய வசையால் ஊரில் மண்மாரி பொழிந்தது என்பது கதை. இந்தப் பக்கத்தில் கதையைக் கேட்காதவர்கள் இல்லை. ஆனால் அதிலிருந்து பாடம் படித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். காரைக்கால் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தின் தரவுத்தளத்தைக் கட்டிக் காக்கும் அட்மின் அவர். வந்தவரை வாசலில் நிறுத்தினால் ஊரே மண்ணாகப் போகும் என்று உணர்ந்து, இன்றுவரை ஒருவருக்கும் அவர் அனுமதி மறுத்ததில்லை.

அவர் பெருமை புரிய வேண்டுமானால் தொழில் விவரம் கொஞ்சம் தெரிய வேண்டும். அந்த அலுவலகத்தின் தரவுத்தளம் அலுவலகத்தில் இல்லை, கிளவுடில் இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், பாக்கித் தொகை எல்லாம் எங்கோ தொலைதூர சர்வரில் வாடகைக்குக் குடியிருக்கின்றன. இந்தச் சேவைகளை வடிவமைத்தவர்கள் சுத்தக் கஞ்சர்கள். பார்க்க ஒரு ரோல், எழுத ஒரு ரோல், அழிக்க ஒரு ரோல், அடுத்தவருக்கு அனுமதி வழங்க இன்னொரு ரோல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். செய்கிற வேலைக்கு வேண்டியதற்கு மேல் துளி அனுமதியும் கூடாதாம். 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் எழுதிவைத்த கொள்கை இது. ஐம்பது வருடமாக உலகம் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

நம்மவர் அப்படியல்ல. கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்த பையன் ஒருநாள் அவர் மேசைக்கு வந்து நின்றான்.

“அண்ணே, மாசக் கடைசி பாக்கிப் பட்டியலப் பாக்கணும். பாக்குற பர்மிஷன் மட்டும் போதும்ணே.”

“பாக்க மட்டும்னா கேப்பாங்க? நாளைக்குத் திருத்தணும்னு வருவ. நாளான்னிக்கு அழிக்கணும்னு வருவ. ஒவ்வொரு தடவையும் நான் எந்திரிச்சு வரணுமா? ஓனரே போட்டுட்டேன், போ தம்பி.”

பையன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நிறுவனத்தின் மொத்தத் தரவையும் ஒரே வரியில் அழிக்கும் அதிகாரம் அவன் கைக்கு வந்துவிட்டது. பணம் போட்டுக் கடை நடத்தும் முதலாளிக்குக்கூட அந்த அதிகாரம் இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

பயனர் பட்டியலை அட்மின் ஒருமுறை எனக்குத் திரையில் காட்டினார். மேலிருந்து கீழே இப்படிப் போகிறது: டெஸ்ட், டெஸ்ட்2, டெஸ்ட்புதுசு, பொங்கல்ஆஃபர், ஆடிட்டர், ஆடிட்டர்பழசு. பொங்கல் தள்ளுபடிக்கு ஆப் எழுதிக் கொடுத்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. அதன் கணக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது. பயிற்சிக்கு வந்து போன மாணவர் இப்போது துபாயில். அவர் கணக்கும் நலமே. எல்லாப் பெயருக்கும் நேரே ஒரே சொல்தான்: ஓனர். பெரியவர் சின்னவர், இருப்பவர் போனவர் என்ற பேதமே அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னும் ஒரு கட்டம் உண்டு. எந்த இணைய முகவரியிலிருந்து உள்ளே வரலாம் என்று அதில் குறிக்க வேண்டும். அலுவலக முகவரியை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நம்மவர் 0.0.0.0/0 என்று போட்டிருக்கிறார். உலகின் எந்த மூலையிலிருந்தும் வரலாம் என்று பொருள். கணியன் பூங்குன்றனார் பார்த்திருந்தால் அணைத்துக்கொண்டிருப்பார். நாங்களோ காவிரியின் கடைமடைக்காரர்கள், முறை வைத்துத் தண்ணீர் விட்டே பழகியவர்கள். எல்லா மதகையும் ஒரே நாளில் தூக்கிவிட்டு, இறக்குவதையே மறந்துபோகும் தாராளம் எங்களுக்குப் புதிது.

இவர் தனியாளும் அல்ல. 2017 ஜனவரியில் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் துடைத்தெடுக்கப்பட்டன. பணம் கேட்கும் சீட்டு ஒன்றுதான் மிச்சம். பல இடங்களில் நகல்கூட எடுக்காமல் அழித்திருந்தார்கள். கொடுத்தவர் அவ்வளவு தாராளமாக இருக்கும்போது எடுத்தவர் கணக்குப் பார்ப்பாரா? அடுத்த ஆண்டே நம் நாடும் களத்தில் இறங்கியது. 500 ரூபாய் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் ஆதார் விவரங்களைத் தேடிப் பார்க்கும் லாகின் கிடைத்தது என்று 2018 ஜனவரியில் ‘தி டிரிப்யூன்’ எழுதியது. தகவல் கசியவில்லை, குறைதீர்ப்புக்காக அலுவலர்களுக்குக் கொடுத்த தேடல் வசதி தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஆதார் ஆணையம் விளக்கியது. அதாவது பூட்டு பத்திரமாக இருக்கிறது, சாவிதான் ஊரைச் சுற்றுகிறது. செய்தி எழுதிய நிருபரின் பெயரும் போலீஸ் புகாரில் ஏறியது.

பழைய கடவுச்சொல்லிடம் விசுவாசம் என்றால் 2024-இன் ஸ்னோஃப்ளேக் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். அந்த கிளவுட் சேவையின் வாடிக்கையாளர்களில் சுமார் 165 நிறுவனங்கள் ஆபத்துக்குள்ளாகியிருக்கலாம் என்று எச்சரிக்கப்பட்டன. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் அநேகமாக எல்லா மொபைல் வாடிக்கையாளர்களும் 2022-இல் ஆறு மாதம் யாரோடு பேசினார்கள் என்ற பதிவுகள் போயின. இதற்காக யாரும் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. ஊழியர்களின் கணினியிலிருந்து வைரஸ் முன்பே திருடி வைத்திருந்த கடவுச்சொற்கள் போதுமானதாக இருந்தன. அவற்றில் சில 2020-ஐச் சேர்ந்தவை. நான்கு வருடம் ஒரு கடவுச்சொல்லை மாற்றாமல் காப்பாற்றுவதும், ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கேட்டு வந்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதும் லேசான காரியமா? நம் அட்மின் இந்தப் பரம்பரையில் வந்தவர். அவர் மாஸ்டர் கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவிலேயே பின் செய்து வைத்திருக்கிறார்.

யார் வந்தார், எதை எடுத்தார் என்று குறித்துவைக்கும் லாகையும் அவர் அணைத்துவிட்டார். “எல்லாரும் ஒரே பாஸ்வேர்டுலதான வர்றாங்க, அதுல யாரத் தேடுறது?” என்றார். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. லாகை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும், அத்துமீறல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவிட்டது. ஒன்றுமே தெரியாத இடத்தில் கடிகாரம் எப்படி ஓடத் தொடங்கும்? தனிநபர் தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒரு தனியார் அலுவலகத்து அட்மினின் கொடைக்கு நாடாளுமன்றமே இவ்வளவு மதிப்புப் போட்டிருக்கிறது.

இப்போது அவர் வேறு வேலை கிடைத்து சென்னைக்குப் போகிறார். அவர் கணக்கு இங்கேயே இருக்கும், அதில் எனக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் அடுத்து வருபவரைப் பற்றித்தான். வரப்போகிறவர் ஒரு மாலை உட்கார்ந்து அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, ஆள் இல்லாத கணக்குகளை மூடி, பார்க்க வந்தவருக்குப் பார்க்க மட்டும் கொடுத்து, கடவுச்சொல்லை மாற்றி, லாகையும் போட்டுவிடும் அற்பராக இருந்துவிட்டால், இத்தனை வருடம் சேர்த்த புண்ணியம் இரவுச் சாப்பாட்டுக்குள் கரைந்து போகும்.