ஜெனிவாவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: தும்மினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் ஒரு சாதாரணக் குடிமகன்.
பெறுநர்: உலக சுகாதார நிறுவனம், ஜெனிவா.
பொருள்: புதுக் காய்ச்சல் வந்தால் எவ்வளவு பயப்படுவது – அளவு தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்களது 11.06.2009 தேதியிட்ட ஆறாம் கட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய அதிகாரிகளே,

எங்கோ ஒரு ஃப்ளூ கிளம்பியதாகச் செய்தி வந்தால், எங்களுக்கு முதலில் கிடைப்பது "பொதுமக்கள் பீதியடையத் தேவையில்லை" என்ற அறிவிப்பு. அடுத்த நிமிடம் மருந்துக்கடையில் வரிசை நின்றுவிடும். பீதி தேவைப்படாத ஆயிரம் விஷயங்களுக்கு யாரும் அறிவிப்பு வெளியிடுவதில்லையே என்று எங்கள் ஜனங்கள் யோசிக்கிறார்கள். ஆகவே, பயம் வேண்டுமானால் எத்தனை கிராம் என்று குறித்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் தலைகாட்டியபோது, பெருந்தொற்று எச்சரிக்கைக்குத் தங்களிடம் ஆறு கட்டங்கள் இருந்தன. ஏப்ரல் 29 அன்று ஐந்து என்றீர்கள், ஜூன் 11 அன்று ஆறு. அதற்கு மேல் எண்ணே கிடையாது. நாங்கள் துறைமுகத்துப் புயல் கூண்டைப் பார்த்துப் பழகியவர்கள். பத்தாம் எண் ஏறினால் படகை இழுத்துக் கட்டத் தெரியும். ஆறுக்கு ஆறு என்றதும் அப்படித்தான் புரிந்துகொண்டோம். பிறகு விசாரித்தால், வைரஸ் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அந்த எண்ணாம். எத்தனை பேரைக் கொல்லும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம்! நோயின் கடுமை நடுத்தரம்தான் என்று அன்றைக்கே தலைமை இயக்குநர் மார்கரெட் சான் சொல்லியும் இருக்கிறார். அன்றைய கணக்கு 74 நாடுகள், 30,000-க்குச் சற்றுக் குறைவான நோயாளிகள், 144 மரணங்கள்.

அதே சமயம் பறவைக் காய்ச்சலான எச்5என்1 மூன்றாம் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. தொற்று உறுதியானவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் உயிரை எடுத்த வைரஸ் அது. ஆளுக்கு ஆள் எளிதில் தாவத் தெரியாத ஒரே காரணத்தால் மூன்று. நூற்றில் ஒருவரைக்கூடக் கொல்லாததற்கு ஆறு.

அளவு தெரியாத பயம் கையில் கிடைத்தால் அரசாங்கங்கள் என்ன செய்யும்? எகிப்தில் ஒரு நோயாளிகூட இல்லாத ஏப்ரல் கடைசியில், நாட்டிலிருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவானது. பன்றிக்கறியால் இது பரவாது என்று நீங்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கெய்ரோவின் குப்பையை அள்ளும் ஜபாலீன் மக்கள் வளர்த்த பன்றிகள் அவை. ஊரின் சோற்று மிச்சத்தைத் தின்று தீர்த்தவையும் அவைதான். பன்றிகள் போயின, தெருவில் குப்பை குவிந்தது, ஜூனில் காய்ச்சலும் வந்து சேர்ந்தது. ஆப்கானிஸ்தானில் இருந்ததே ஒரே ஒரு பன்றி, காபூல் உயிரியல் பூங்காவில். அதையும் தனி அறையில் அடைத்தார்கள்.

பணக்கார நாடுகள் கை வைத்தது கஜானாவில். பிரான்ஸ் 9.4 கோடி டோஸ் தடுப்பூசிக்கு ஆர்டர் கொடுத்தது. போடப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐரோப்பாவில் சில ஒப்பந்தங்கள், நீங்கள் ஆறு என்றதும் தாமாகவே அமலுக்கு வரும்படி எழுதப்பட்டவை. உங்களுக்கு யோசனை சொன்ன அவசரக் குழுவில் யார் யார் என்பதோ 2010 ஆகஸ்ட் வரை ரகசியம். அறிவிப்பின் பின்னால் வியாபார நோக்கம் எதுவும் புலப்படவில்லை என்று ஹார்வி ஃபைன்பெர்க் தலைமையிலான மறுஆய்வுக் குழு 2011-இல் சொன்னது. நானும் நம்புகிறேன். பெயர்களை மறைத்ததையும் கட்டக் குழப்பத்தையும் குறை சொன்னதும் அதே குழுதான்.

அப்படியானால் பயப்பட ஒன்றுமே இல்லையா? இருந்தது ஐயா, அதுதான் ஆற்றாமை. ஆய்வகத்தில் உறுதியான மரணங்கள் சுமார் 18,500. 2012-இல் வெளியான மதிப்பீடோ, முதல் ஆண்டில் மட்டும் ஒன்றரை லட்சத்திலிருந்து ஐந்தே முக்கால் லட்சம் வரை என்றது. அதில் பத்துக்கு எட்டுப் பேர் 65 வயதுக்குக் கீழே. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து அதிகம். அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பழைய வைரஸ்கள் தந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருந்தது. நாங்கள் வழக்கப்படி தாத்தாவை அறைக்குள் உட்காரவைத்துவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியை ரேஷன் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆறு என்ற எண்ணில் இந்தச் சேதி எந்த மூலையில் இருந்தது?

2010 ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்தது என்றீர்கள். வைரஸுக்கு நகல் அனுப்பவில்லை போலும். 2015-இல் அதே எச்1என்1 இந்தியாவில் சுமார் 3,000 பேரைக் கொன்றது. 2009-இல் இங்கே இறந்தவர்களைப்போல் மும்மடங்கு. ஆனால் அதற்குள் அது பருவகாலக் காய்ச்சலாகப் பதவி இறங்கிவிட்டதால், அதற்குக் கட்டம் ஏதும் கிடையாது.

2013-இல் ஆறு கட்டங்களை நான்காகச் சுருக்கினீர்கள், ஆபத்தைத் தனியே எடைபோடுவோம் என்றீர்கள். நல்ல காரியம். ஆனால் போட்ட எடை எங்கள் தெருவரை வந்து சேர்வதில்லை. 2024 முதல் எச்5என்1 அமெரிக்காவின் கறவை மாடுகளில் நடமாடுகிறது. அடுத்த அறிவிப்புக்கு வேளை வரலாம்.

அது வரும்போது எண்ணோடு மூன்று வரி சேர்த்து எழுதுங்கள்: ஆளுக்கு ஆள் தாவுகிறதா, பிடித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அவர்கள் என்ன வயதினர். தெரியாததை, இன்னும் தெரியவில்லை, அடுத்த வாரம் சொல்கிறோம் என்றே எழுதுங்கள். அதைத் தாங்கும் தெம்பு எங்களுக்கு இருக்கிறது. உரிய காலத்தில் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேற்படி குடிமகன்