கட்டைவிரல் வலம்: அண்ணாமலைத் தலத்தில் ஒரு விசாரணை

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் அன்பர்களின் தேக சிரமங்களுள் பாதக் கொப்புளம், கெண்டைக்கால் பிடிப்பு ஆகிய இரண்டைப் பற்றி மட்டுமே பெரியோர் இதுகாறும் கவலை கொண்டிருக்க, நடப்பதில் யாதொரு பங்கும் கொள்ளாத கட்டைவிரல் எதற்காக நோகின்றது என்னும் வினா சாஸ்திரோக்தமாக விசாரிக்கப்படாமல் கிடப்பதால், அக்குறையை நீக்கவே இவ்வியாசம் எழுதப்படுகின்றது.

மாலைக்கூடையும் பிரசாதப் பையும் சுமப்பதால் வந்த நோவு இது என்பது பூர்வபக்ஷம். பை தூக்காதவர்க்கும் நோவதால் அது தள்ளுபடியாகின்றது. சுமார் 14 கிலோமீட்டர் பாதையில் இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டுச் சந்நிதிகளிலும் படமெடுத்து, அதை உடனுக்குடன் ஸ்டேட்டஸில் ஏற்றி, பார்த்தவர் யார் யார் என்று தள்ளித் தள்ளிப் பார்க்கும் உழைப்பனைத்தும் ஒற்றைக் கட்டைவிரலின் தலையில் விழுகின்றது. மற்ற நால்வரும் கைப்பேசியைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்கின்றனர்.

கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் நெருக்கியடித்துச் செல்கின்றன. ஒரே அசைவு ஓயாது நிகழின் உறை தடித்து, நாண்கள் உராய்ந்து வலிக்கும். இதனை ஸ்விட்சர்லாந்து தேசத்து ரண வைத்தியர் டி கெர்வைன் 1895-லேயே விவரித்துவிட்டார். ரோகம் முன்னே பிறந்து, கருவிக்காகக் காத்திருந்தது போலும்! அதற்கும் முன்னே, 1713-இல், இத்தாலிய வைத்தியர் ராமாசினி எழுத்தர்களின் கைச்சோர்வுக்கு இடையறாத ஒரே வித அசைவையும் காரணமாகக் கூறியிருந்தார். 1990-இல் நிண்டெண்டோ விளையாட்டினால் கட்டைவிரல் நொந்த ஒருவரின் சரிதம் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. கைக்குழந்தையை ஓயாது தூக்கும் தாய்மாருக்கும் இந்நோய் வருவதுண்டு. அவர்களை இவ்வியாசம் கேலி செய்யத் துணியாது.

இனி மூலகாரணம். அதற்குத் தலபுராணமே போதுமானது. ஜோதிப்பிழம்பாய் நின்ற பெருமானின் அடியைத் தேடி வராக ரூபத்தில் பூமியை அகழ்ந்து சென்ற திருமால், அது காணவொண்ணாதது என்றுணர்ந்து, தோல்வியை ஒப்புக்கொண்டு திரும்பினார். ரீல்ஸ் பார்க்கும் பக்தரோ, அடி என்பதே இல்லாதவாறு வேண்டுமென்றே செய்யப்பட்ட திரையைக் கட்டைவிரலால் அகழ்ந்தகழ்ந்து, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இறங்குகின்றாரேயன்றித் திரும்புகின்றாரில்லை. "ரெண்டே நிமிஷந்தான் பார்த்தேன்" என்று அவர் வீட்டாரிடம் கூறுவது, தாழம்பூவைச் சாட்சி வைத்து முடியைக் கண்டதாகப் பிரமன் பகர்ந்த வாக்குக்கு நிகராகும். பிரமனுக்குக் கோயில் இல்லாமற் போயிற்று; இவருக்குச் சார்ஜ் இல்லாமற் போகின்றது.

217 அடி ராஜகோபுரத்தையும் குனிந்தே தரிசிக்கும் கழுத்தின் கதை தனி வியாசத்துக்குரியது.

ஐயமுள்ளோர் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பார்க்க. கட்டைவிரலின் அடியில் சுரீரென்றால் வைத்தியரை நாடுக. அவர் விரலுக்குப் பட்டை கட்டி, ஓய்வு கொடுங்கள் என்பார். அந்த அறிவுரையைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாகாது.

ஆதலின் அன்பர்கள் அடுத்த பௌர்ணமிக்கு அக்கருவியைப் பைக்குள் வைத்துக் கட்டிவிட்டே புறப்பட வேண்டுகிறேன். வழி தவறும் என்ற பயம் வேண்டா. மலையை வலப்புறம் வைத்து நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.