தங்கப் பாலமும் பங்குச் சீட்டும்
மலாய்ப் பழங்கதையில், ஜொகூரின் குனோங் லேடாங் மலை இளவரசி மலாக்கா சுல்தானிடம் கேட்ட பரிசத்தில் ஒன்று தங்கப் பாலம். வெறும் வாக்குறுதியை அவள் ஏற்கவில்லை.

கனடாவின் பிரெ-எக்ஸ் நிறுவனத்தில் பணம் போட்டவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. போர்னியோவின் புசாங்கில் தங்கம் என்றதும், சில்லறைக் காசுக்கு விற்ற பங்கு விண்ணுக்குப் பறந்தது. நிறுவனத்தின் மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தொட்டது. சோதனைக்கு அனுப்பிய பாறைத் தூளில் தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள் என்பது 1997-இல் அம்பலம்.

தலைமைப் புவியியலாளர் ஜான் ஃபெல்டர்ஹாஃப் 1996-லேயே சுமார் 8.4 கோடி டாலருக்குப் பங்குகளை விற்றிருந்தார். வெளியிடாத தகவலை வைத்துப் பங்கு விற்றார் என்ற உள்தகவல் வணிக வழக்கில் ஒன்டாரியோ நீதிமன்றம் 2007-இல் அவரை விடுவித்தது. புசாங்கில் இல்லாத பொன், விற்ற நேரத்தில் இருந்திருக்கிறது!

மலேசியாவில் உள்தகவல் வணிகக் குற்றத்துக்கு அபராதம் மட்டுமே குறைந்தது ஒரு மில்லியன் ரிங்கிட். சிறை பத்தாண்டு வரை.