ஒரு சின்ன மாற்றம்தான், மேஸ்திரி!

வீடு கட்டிக்கொண்டிருக்கும் யாரிடமாவது, "ஏன் இன்னும் முடியலை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நாக்கு நுனியில் இருக்கும். முதலில் மேஸ்திரி, பிறகு மழை, பிறகு எம்-சாண்ட் லாரி, கடைசியில் பேங்க். இந்த வரிசையில் எப்போதும் விட்டுப்போகும் ஆள் ஒருவர் உண்டு. காலை வாக்கிங்கைச் சைட்டிலேயே முடித்துக்கொண்டு, கையில் டேப்பும் காதில் போனுமாக நிற்கிறாரே, அந்த ஓனர்தான்.

கூடுவாஞ்சேரிப் பக்கம் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டிருந்த ஒரு ஓனரை எடுத்துக்கொள்வோம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024 ஜூலையில் தமிழக அரசு திட்டம் கொண்டுவந்தது. இவரும் விண்ணப்பித்தார், அனுமதியும் சட்டென்று வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் சட்டென்று நடந்த ஒரே காரியம் அதுதான்.

அடுத்து பூமி பூஜை. பஞ்சாங்கப்படி வாஸ்து புருஷன் வருஷத்தில் 8 நாள்தான் கண் விழிக்கிறார். அதுவும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் விளக்கி, குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டு, தாம்பூலம் தரித்து மறுபடி படுத்துவிடுவார். சாப்பாட்டுக்கும் தாம்பூலத்துக்கும் உரிய கடைசி 36 நிமிஷம்தான் விசேஷம் என்பார்கள். ஆவணி 6ஆம் தேதி அந்த 36 நிமிஷமும் ஓனரின் மச்சான் பரனூர் டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தார். மச்சான் இல்லாமல் பூஜையா? ஐப்பசி 11க்குத் தள்ளினார்கள். சென்னைப் பக்கம் ஐப்பசியில் என்ன நடக்கும் என்பது வாஸ்து புருஷனுக்கே தெரியும். வானம் தோண்டிய குழியிலிருந்து மோட்டார் வைத்து இறைத்தார்கள், ராத்திரி மழை திரும்ப நிரப்பிவிட்டுப் போனது. "மேஸ்திரி ரொம்ப ஸ்லோ" என்று ஓனர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மச்சான் கட்டைவிரலை உயர்த்தினார்.

2025 ஏப்ரலில் சிறுகனிம நில வரியை எதிர்த்துக் குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜல்லி, எம்-சாண்ட் வராமல் சைட்டுகள் படுத்தன. இதில் ஓனர் மேல் குற்றமே இல்லை. ஆனால் அந்த வேலைநிறுத்தம் சில நாளில் முடிந்துவிட்டது, ஓனர் அதைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்ததோ தீபாவளிவரை.

அவருடைய உண்மையான திறமையைப் பார்க்க வேண்டுமென்றால் பூச்சு வேலை முடிந்த மறுநாள் காலை போக வேண்டும். ஹால் சுவர் மட்டப்பலகை ஓட்டி வழவழவென்று நிற்கிறது. ஓனர் தடவிப் பார்க்கிறார். தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறார்.

"மேஸ்திரி, ஒரு சின்ன மாற்றம்தான். டிவி இந்தச் சுவத்துல வேணாம், எதிர்ச் சுவத்துல வரட்டும்."

"சார், பூச்சு நேத்துதான் முடிஞ்சுது."

"அதனாலதான் இப்பவே சொல்றேன். இன்னும் ஈரமாத்தானே இருக்கு?"

மேஸ்திரி சுவரைப் பார்த்தார், ஓனரைப் பார்த்தார், பையனை டீ வாங்க அனுப்பினார். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போனது. அவர் வேறு சைட்டில் இருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவார். வந்து காடி வெட்டி, பைப் பதித்து, பெட்டி வைத்துவிட்டுப் போன பிறகு கொத்தனார் மறுபடி பூச வேண்டும், அது காய வேண்டும். திங்கட்கிழமை பட்டி பார்க்க வரச் சொல்லியிருந்த பெயின்டர் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு வேறு வேலை பிடித்துக்கொண்டார். போன பெயின்டரைத் திரும்பப் பிடிப்பது எளிதா என்ன? டிவி எதிர்ச் சுவருக்கு நகர்ந்தது, கிரகப்பிரவேசம் ஒரு மாசம் நகர்ந்தது.

மேஸ்திரியை ஒன்றும் உத்தமராக்க வேண்டியதில்லை. ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் வேலை பிடித்திருக்கிறார். அட்வான்ஸ் கைக்கு வந்தபின் போன் எடுக்கும் வேகம் குறைந்ததும் உண்மை. ஆனால் மூன்று இடத்தில் எங்கே கூலி ஒழுங்காக வருகிறதோ அங்கேதான் ஆள் நிற்பார்கள். இங்கே போர்டிகோவை நாலடி நீட்டச் சொன்னது மச்சான். "பெரிய கார் வாங்கினா எங்க மாமா விடுவீங்க?" என்றார். மாமாவிடம் இருப்பது ஸ்கூட்டர். கடனின் அடுத்த தவணை கொடுப்பதற்கு முன் பார்வையிட வந்த பேங்க் இன்ஜினியர் பிளானையும் போர்டிகோவையும் மாறி மாறிப் பார்த்தார். தவணை நின்றது. அந்தச் சனிக்கிழமை சம்பளம் போடவில்லை. திங்கட்கிழமை சைட்டில் நாய் மட்டும் படுத்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர் அவசரப்படவும் செய்வார். மாடித் தளம் போட்ட நாலாம் நாளே, "முட்டு எப்ப பிரிப்பீங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். வாடகை வீட்டு நெருக்கடி. ஹால் அகலம் 16 அடி. நாலரை மீட்டருக்கு மேல் போகும் தளத்துக்கு 14 நாளாவது முட்டு நிற்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கு. மேஸ்திரி அந்தப் புத்தகத்தைப் படித்தவரில்லை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டு, "பக்கத்து சைட்ல ஏழு நாள்ல பிரிச்சுட்டாங்களே" என்ற ஓனரிடம், "அது சின்ன ரூம் சார்" என்று மட்டும் சொன்னார்.

தளத்துக்கு இரண்டு வாரம் தர மனமில்லாதவர் டைல்ஸுக்கு எடுத்துக்கொண்டதோ ஒரு பருவம். அம்மாவுக்கு ஐவரி, மகளுக்குச் சாம்பல், மச்சானுக்கு மரம் மாதிரி இருக்க வேண்டும். கடைசியில் பிடித்த நிறம் கடையில் ஸ்டாக் இல்லை, குஜராத் மோர்பியிலிருந்து லாரி வர வேண்டும். வந்தது. ஒட்டினார்கள். நாலு பெட்டி குறைந்தது. அடுத்த பேட்ச்சில் அதே பெயர், அதே நம்பர், நிறம் மட்டும் ஒரு சாயல் வேறு. ஊற வேண்டியது சிமென்ட். இவர் ஊறப்போட்டது முடிவுகளை.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்விட்ச் எங்கே, குழாய் எங்கே, டைல்ஸ் எது என்பதையெல்லாம் வானம் தோண்டுவதற்கு முன்பே பேப்பரில் எழுதி இன்ஜினியரிடம் கொடுத்துவிடுங்கள். டேப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சைட்டுக்கு வாரம் ஒருமுறை போனால் போதும். சனிக்கிழமை சாயங்காலம், சம்பளப் பணத்தோடு.