மரையிடைப் பசை நீக்கம்: பிள்ளையார்பாளையத்துக் குழாய் ஒன்றை முன்வைத்து

காஞ்சியின் கல்வெட்டுகளைப் பற்றியும் பட்டைப் பற்றியும் அறிஞர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே சொட்டிக்கொண்டிருக்கும் கொல்லைக் குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டுப் பித்தளைக் குழாயை முதன்மைச் சான்றாகக் கொண்டு அக்குறையைப் போக்க முனைகிறேன்.

முதலில் பாடபேதம். குழாய் முனையில் ஓடும் திருகுவரி மரையா, மறையா? இடையின ரகரம் போட்டால் மான். வல்லின றகரம் போட்டால் வேதம். மான் ஓடிவிடும், வேதம் பிடிபடாது. எங்கள் குழாயோ பிடிபட்டது, அசையத்தான் இல்லை.

அரை அங்குலக் குழாயில் அங்குலத்துக்கு 14 மரை. 1841இல் விட்வொர்த் வகுத்த 55 பாகைப் பள்ளம். அதில் நீர் கசியாதிருக்க அந்தக் கால பிளம்பர்கள் சணல் நூலைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் பூசினார்கள். ஆக, நெசவாளர் தெருவில் பிளம்பரும் நூல்காரரே. பிறகு டெஃப்ளான் டேப் வந்தது. எதுவானாலும் வலமாகத்தான் சுற்றவேண்டும். இடமாகச் சுற்றினால் முடுக்கும்போதே பிரிந்துவிடும். ஏகாம்பரநாதரை வலம்வரும் ஊருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஓர் இடைக்குறிப்பு: கூரையில் தலைகீழாக நடக்கும் பல்லிக்கு உலர்ந்த டெஃப்ளானில் கால் ஒட்டாது. வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட வரிசையில் நின்ற ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் எனக்கு வழிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பழையதை நீக்கும்போது டேப் நகத்தால் கிள்ளினாலே வரும். சிக்கல் சணலில். பெயிண்டிலுள்ள ஆளிவிதை எண்ணெய், காற்றின் ஆக்சிஜனை இழுத்துக் கல்லாகிவிடுகிறது. எங்கள் குழாயை முடுக்கியது 1979இல், அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்தருளிய ஆண்டு. 2019இல் அவர் மறுபடி வந்து, 48 நாள் தரிசனம் தந்து, குளத்துக்குள் திரும்பியும் விட்டார். குழாய் வரவில்லை.

இந்த ஆண்டு பைப் ரெஞ்சின் கைப்பிடியில் இரண்டடிப் பைப்பைச் செருகி பிளம்பர் கழற்றினார். மரைப் பள்ளங்களில் வெல்லப்பாகு நிறத்தில் ஏதோ இறுகி, ஆங்காங்கே நார் நீட்டிக்கொண்டிருந்தது. "சூடு காட்டுனா கருகி உதிர்ந்துடும் சார்" என்றார். பழைய வெள்ளைப் பெயிண்டில் ஈயம் இருக்கும், புகையும் தூளும் ஆகாது என்று தடுத்தேன். "அப்ப புதுசு வாங்கிடுங்க" என்றார். இந்தக் கனத்தில் இப்போது யார் விற்கிறார்கள்? ஹாக்ஸா பிளேடால் சுரண்டினேன்; அரை மணி நேரத்தில் ஒரு மரை, இரண்டு கீறல்.

எதிர்வீட்டுச் சாயப்பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். "பட்டுக்குப் போடற சோடா உப்புலயே அவிச்சுப் பாருங்களேன்."

கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அது கரைந்தபின்தான் பட்டு மின்னும். அதே காரம் இறுகிய எண்ணெயையும் உடைத்துச் சோப்பாக்கும். குழாயைச் சோடாவில் அவித்த ஒரு மணி நேரத்தில் சுட்ட கத்திரிக்காய்த் தோலாகச் சணல் நெகிழ்ந்தது. தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்து, நுனியைப் பிடித்து இழுத்தேன். முழு நூலும் சுருள் சுருளாக வந்தது, இடமாக.

சோடா அலுமினியத்தை அரிக்கும் என்பதால் எவர்சில்வர் குண்டானில் அவித்தேன். ஈயம் பட்ட பாத்திரம் இனிச் சமையலுக்கு ஆகாது. அது யாருடைய சீர்வரிசைக் குண்டான் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இரண்டு நாளாக வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.