வயிறு அவனுடையது, வாய் என்னுடையது

காய்ச்சல் வந்தால் எங்கள் வீட்டில் டாக்டரிடம் போவோம். பல்வலி வந்தாலும் போவோம். வயிறு சரியில்லை என்றால் மட்டும் போக மாட்டோம். வயிற்றைப் பற்றித்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே, எதற்குக் கன்சல்டேஷன் பீஸ்?

கோவையில் ஐ.டி. வேலை பார்க்கும் எங்கள் பையனுக்கு வயது 23. மாதக்கணக்கில் வயிறு அவன் சொல்பேச்சு கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்தால் உப்புசம், வலி. ஒருநாள் பாத்ரூம் பக்கமே போவதில்லை. மறுநாள் போனவன் வருவதில்லை.

"சூடு சாமி, சூடு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டரையே பார்த்தா வயிறு காந்தாம என்ன பண்ணும்?" என்றார் என் அம்மா. வெந்தயம் ஊறப்போட்டார். வெளியில் வாங்கிச் சாப்பிடும் பிரியாணிதான் காரணம் என்று மனைவி பிரண்டைத் துவையல் அரைத்தாள். மச்சினன் அல்சர் என்றான். அவனுக்குத் தெரிந்த ஒரே வியாதி அது. பக்கத்து வீட்டுக்காரர் முழங்கால் வலிக்கே கேஸ்தான் காரணம் என்பவர், வயிற்று விஷயத்தில் விடுவாரா? ஓமத்தண்ணீர், சீரகத் தண்ணீர், சுண்டைக்காய் வற்றல் என்று எல்லாம் அந்த ஒரே வயிற்றுக்குள் போயின. எதுவும் கேட்கவில்லை. "நம்பிக்கையோட சாப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்" என்று பழி மட்டும் அவன் மேல் விழுந்தது.

நான் மட்டும் விஞ்ஞான வழியில் போனேன். என் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பாண்டோப்ரசோல் அட்டை இருக்கும். அது அமிலச் சுரப்பைக் குறைக்கிற மாத்திரை. பையனுக்கு இருந்ததோ உப்புசமும் போக்கும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றெல்லாம் மாத்திரையைச் சந்தேகிக்கக் கூடாது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் நின்று கொடுத்தேன்.

ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அவனைத் தொக்கம் எடுக்க அழைத்துப் போனார். தின்ற பண்டம் ஏதோ குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது கணக்கு. தொக்கம் எடுக்கும் அம்மாள் அவன் வயிற்றில் துணியை விரித்து, வாய் வைத்து உறிஞ்சி, பக்கத்திலிருந்த தட்டில் துப்பினார். பழுப்பாய், விரல்நகம் அளவுக்கு ஒரு தேங்காய்ச் சில்லு. "பார்த்தியா, அந்தக் கல்யாண வீட்டுச் சாப்பாடு!" என்றார் அம்மா. "வயித்துல ஓட்டையே இல்லியே பாட்டி, இது எப்படி வந்துச்சு?" என்றான் அவன். காசு கொடுத்தவன் நான், கேள்வி கேட்கவில்லை. கைமேல் ரிசல்ட் தந்த பரிசோதனை அது ஒன்றுதான்.

கடைசியில் குடல் நோய் நிபுணரிடம் போனோம். "எவ்வளவு நாளா இருக்கு?" என்று டாக்டர் பையனைக் கேட்டார். "ஆறு மாசத்துக்கு மேல, மேடம்" என்றேன் நான். "வலி எப்ப வருது?" "சாப்பிட்டதும் மேடம்." "மோஷன் போனா வலி குறையுதா?" இது என் சிலபஸில் இல்லாத கேள்வி. பையனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

டாக்டர் ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். 1997-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட படமாம். மலத்தை ஏழு வகையாகப் பிரித்து வரைந்திருந்தார்கள். ஒன்றாவது, ஆட்டுப் புழுக்கை போன்ற கெட்டி உருண்டைகள். ஏழாவது, வெறும் தண்ணீர். கல்யாணப் பத்திரிகை மாடல் பார்ப்பதுபோல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, "நாலு" என்று விரல் வைத்தேன்.

"இது உங்களுக்கா, அவருக்கா?" என்றார் டாக்டர். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க சார்."

நான் வெளியில் இருந்த நேரத்தில்தான் வைத்தியமே நடந்திருக்கிறது. ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, வலியால் ராத்திரி தூக்கம் கலைகிறதா, குடும்பத்தில் யாருக்காவது குடல் நோய் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். நம் நாட்டில் குடலில் காசநோயும் வரும், கிரோன் நோயும் வரும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கிரோனுக்குத் தரும் ஸ்டீராய்டு காசநோயைக் கிளப்பிவிடும். அதனால்தான் பெயர் வைக்கும் முன் இத்தனை கேள்வி.

ஹீமோகுளோபின், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் கால்ப்ரொடெக்டின் என்று எழுதிக் கொடுத்தார். கடைசியாகச் சொன்னது ரத்தத்தில் பார்ப்பதல்ல. அந்தச் சின்ன டப்பாவை மஞ்சப்பையில் போட்டு லேபுக்கு எடுத்துப்போனவன் நான்தான். வழியில் பார்த்த பழைய ஆபீஸ் நண்பர், "என்ன, கோயிலுக்கா? பிரசாதமா?" என்று பைக்குள் எட்டிப் பார்த்தார். அவரோடு இன்னும் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். எனக்கு வந்ததே கோபம்! "இவ்வளவு செலவு பண்ணி ஒண்ணுமே இல்லையா மேடம்?"

"ஏதாவது இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்களா சார்?"

"கொலனோஸ்கோப்பியாவது பண்ணிடலாமே. இன்ஷூரன்ஸ் இருக்கு."

"சின்ன வயசு, அபாய அறிகுறி ஒண்ணும் இல்ல. இப்போ தேவையில்ல."

"சரி, எண்டோஸ்கோப்பி?"

டாக்டர் பேரத்துக்கு இறங்கவில்லை. இது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்றார். அதைக் கண்டறிய 2016-இல் வந்த ரோம் விதிகளின்படி, மூன்று மாதமாக வாரத்தில் ஒருநாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் போவது, போகிற தடவை மாறுவது, பதம் மாறுவது ஆகிய மூன்றில் இரண்டோடாவது அது சேர்ந்து வர வேண்டும். ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். குடலில் புண் இல்லை. குடலும் மூளையும் பேசிக்கொள்வதில்தான் கோளாறு. வலி கற்பனையல்ல என்பதையும் என்னைப் பார்த்தே சொன்னார்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவு முறைப்படி வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் ஆகியவற்றைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கச் சொன்னார். "வெங்காயம் பூண்டு வேண்டாம்னு சொல்ல ஆஸ்திரேலியாக்காரன் வரணுமா? புரட்டாசி மாசம் நான் சொன்னா மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டீங்க" என்றார் அம்மா.

பையனுக்கு இப்போது பரவாயில்லை. தொக்கம் எடுத்ததுதான் என்கிறார் அம்மா. பிரண்டைதான் என்கிறாள் மனைவி. பாண்டோப்ரசோலின் பங்கை யாரும் பேசுவதில்லை.

தினமும் சாப்பிட்டதையும் போனதையும் குறித்து வைக்கச் சொன்னார் டாக்டர். பையனுக்கு ஏது நேரம்? கோடு போட்ட நோட்டு வாங்கி, தேதி, உணவு, வகை எண் என்று கட்டம் கட்டி நானே ஆரம்பித்துவிட்டேன். முதல் இரண்டு கட்டங்கள் ஒழுங்காக நிரம்புகின்றன. மூன்றாவதற்காகத்தான் காலையில் பாத்ரூம் கதவுக்கு வெளியே பேனாவோடு நிற்கிறேன். "எத்தனாம் நம்பர் கண்ணு?" என்று கேட்டால் உள்ளே குழாயைத் திறந்துவிடுகிறான்.